வீட்டுக்கு வரும் பிசியோதெரபி உதவியாளர்: அவர் யார், எங்கே தேடுவது, என்ன கேட்பது

பக்கவாதத்திலிருந்து பிழைத்தவரையோ, இடுப்பு எலும்பு முறிந்து அறுவை செய்துகொண்ட பெரியவரையோ வீட்டுக்கு அழைத்து வரும்போது மருத்துவமனையில் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி கொடுப்பார்கள். மாத்திரைகளின் பட்டியல் அதில் விரிவாக இருக்கும். கடைசி வரியில் ‘பிசியோதெரபி தொடரவும்’ என்று இரண்டே சொற்கள். யாரிடம், எத்தனை நாள், வீட்டிலா மருத்துவமனையிலா என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில் இராது. பிறகு தெருவில் யாராவது ஒரு போன் நம்பர் தருவார்கள். மறுநாள் தோளில் பையோடு ஓர் இளைஞர் வருவார். காலை மடக்கி நீட்டுவார். அரை மணி நேரத்தில் போய்விடுவார். அவர் என்ன படித்திருக்கிறார், அந்தப் பயிற்சிகளை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று பல வீடுகளில் கேட்பதே இல்லை.

கேட்டே ஆக வேண்டும். நல்ல உதவியாளர் ஒருவர் கிடைத்துவிட்டால் படுக்கையில் கிடந்தவர் திண்ணை வரை நடந்து வருவார். ஆனால் அந்த உதவியாளருக்கு மேலே, நோயாளியைப் பரிசோதித்துத் திட்டம் எழுதிய ஒரு பிசியோதெரபிஸ்ட் இருக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கீழே உள்ளவை தமிழ்நாட்டு நிலைமையை வைத்து எழுதியவை. அமெரிக்காவில் பிள்ளைகளோடு இருக்கும் பெற்றோருக்காகக் கடைசிப் பகுதியில் கொஞ்சம் சேர்த்திருக்கிறேன்.

முதலில், வருகிறவர் யார்?

வாசலில் நிற்பவர் நான்கு வகையினரில் ஒருவராக இருப்பார்.

முதலாமவர் பிசியோதெரபிஸ்ட். அரசு மருத்துவமனைப் பலகைகளில் ‘இயன்முறை சிகிச்சை’ என்று எழுதியிருப்பது இவருடைய பிரிவைத்தான். இப்போது தொழிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பி.பி.டி. என்ற பட்டப்படிப்பை நான்கு ஆண்டும், அதன் மேல் ஆறு மாத நேரடிப் பயிற்சியும் முடித்தவர்கள். தமிழ்நாட்டில் படித்தவர் என்றால் பட்டத்தில் அநேகமாக தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். மேலும் இரண்டு ஆண்டு படித்தவர் எம்.பி.டி. நோயாளியின் தசை வலு, மூட்டின் அசைவு, சமநிலை, உணர்ச்சி, வலி எல்லாவற்றையும் சோதித்து, எந்தப் பயிற்சி, எத்தனை முறை, எப்போது அடுத்த கட்டம் என்று முடிவு செய்வது இவர் பொறுப்பு.

இரண்டாமவர்தான் நாம் பேச வந்த உதவியாளர். அமெரிக்காவில் இது தனிப் படிப்பும் தேர்வும் கொண்ட பதவி. இந்தியாவில் அப்படி ஒரு தனி உரிமம் கிடையாது. ஆகவே ‘பிசியோ அசிஸ்டென்ட்’ என்ற பெயரில் பலதரப்பட்டவர்கள் வருகிறார்கள்: பி.பி.டி. படிக்கும் மாணவர், மருத்துவமனை உதவியாளருக்கான குறுகிய காலத் திறன் பயிற்சி முடித்தவர், ஒரு கிளினிக்கில் பல ஆண்டுகள் கூடவே நின்று தொழில் கற்றவர். இப்படிக் கூடவே நின்று தொழில் கற்றவர்களைக் குறைவாக எண்ண வேண்டாம். நோயாளியைத் தூக்கி உட்கார வைப்பதில் அவர்களில் சிலருக்கு இருக்கும் லாகவம் புதிதாகப் பட்டம் வாங்கியவரிடம் இருக்காது. ஆனால் திட்டத்தை மாற்றும் உரிமை இவர்களில் யாருக்கும் இல்லை.

மூன்றாமவர் பராமரிப்பாளர். ஏஜென்சிகள் ‘அட்டெண்டர்’, ‘ஹோம் நர்ஸ்’ என்று சொல்லி அனுப்புகிறவர்களில் பெரும்பாலோர் இந்த வகை. குளிப்பாட்டுவது, உணவு ஊட்டுவது, டயப்பர் மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது இவர்கள் வேலை. அதுவும் பெரிய வேலைதான். ஆனால் ‘பிசியோவும் இவரே செய்துவிடுவார்’ என்று ஏஜென்சி சேர்த்துச் சொன்னால், யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.

நான்காமவர் எண்ணெய் தேய்ப்பவர், கட்டு வைத்தியர், வர்மம் பார்ப்பவர். அவர்கள் முறை வேறு, இது வேறு. அறுவை செய்த மூட்டிலும், உள்ளே தகடும் ஆணியும் வைத்த எலும்பிலும், அறுவை செய்த மருத்துவரைக் கேட்காமல் இவர்களைக் கை வைக்க விடக்கூடாது.

2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் கீழ் பிசியோதெரபிஸ்டுகளும் வருகிறார்கள். குறைந்தபட்சப் படிப்பு, மாநில மன்றம், பதிவேடு ஆகியவற்றை அந்தச் சட்டம் வகுத்திருக்கிறது. ஆகவே ‘உங்கள் பட்டம் என்ன, பதிவு எண் என்ன?’ என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. முறையாகப் படித்தவர் அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார்.

உதவியாளர் என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது

நல்ல உதவியாளர் ஒருவர் வேலை செய்வதை ஒரு தடவை அருகில் நின்று பாருங்கள். வலது பக்கம் செயலிழந்த ஒரு பெரியவரைக் கட்டிலிலிருந்து எழுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வந்தவுடன் தூக்க மாட்டார். முதலில் கையைக் கழுவுவார். இரவு தூங்கினாரா, காலையில் சாப்பிட்டாரா, தலை சுற்றல் உண்டா என்று கேட்பார். நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக் குறித்துக்கொள்வார். தரையில் ஈரம் இருக்கிறதா, மிதியடி வழுக்குமா என்று கண்ணோட்டம் விடுவார். பிறகு பெரியவரை ஒருக்களிக்க வைத்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, அவரே இடக்கையை ஊன்றி எழும்படி சொல்லி, தோள்பட்டைக்குப் பின்னால் மட்டும் கை கொடுப்பார். உட்கார்ந்ததும் ஒரு நிமிடம் பொறுப்பார். படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும் என்பது அவருக்குத் தெரியும். இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்றைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு, பலவீனமான வலது பக்கத்தில் நிற்பார். ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று சொல்லி, மூன்றில் இருவரும் சேர்ந்து எழுவார்கள்.

இதில் நீங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது, அவர் அந்தச் செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கவே இல்லை என்பது. பக்கவாதம் வந்த கையில் தோள்மூட்டைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருக்கும். கையைப் பிடித்தோ அக்குளில் கை கொடுத்தோ தூக்கினால் மூட்டு நழுவும், மாதக்கணக்கில் வலி நீடிக்கும். வீட்டில் உள்ளவர்கள் பாசத்தோடு செய்கிற இந்தச் செயலால் எத்தனையோ பேருடைய தோள் கெட்டிருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வருபவர் முதல் நாளே அந்தக் கையைப் பிடித்து இழுத்தால் அவரை நிறுத்திவிடுங்கள்.

எழுதிக்கொடுத்த பயிற்சிகளைச் செய்ய வைப்பது, எண்ணிக்கை சரியாக வருகிறதா என்று பார்ப்பது, நடக்கும்போது கூட நடப்பது, வாக்கரின் உயரத்தைச் சரி செய்வது, குடும்பத்தாருக்குச் சொல்லித் தருவது, அன்றைய நிலையை நோட்டில் எழுதி பிசியோதெரபிஸ்டுக்குத் தெரிவிப்பது: இவ்வளவும் உதவியாளர் செய்யலாம்.

என்ன நோய் என்று சொல்வது, ‘இனி வாக்கர் வேண்டாம், கம்பு போதும்’ என்று தானாக முடிவெடுப்பது, மாத்திரையை நிறுத்தச் சொல்வது, தையல் பிரிக்காத காயத்தின் மேல் எண்ணெய் தேய்ப்பது, கழுத்தையோ முதுகையோ ‘சொடக்கு’ எடுப்பது ஆகியவற்றில் அவர் இறங்கக்கூடாது. மின்கருவிகளிலும் கவனம் தேவை. வலிக்கு வைக்கும் மின்தூண்டல் கருவியை, இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவருக்கு மருத்துவரைக் கேட்காமல் வைக்கக் கூடாது. உடலுக்குள் உலோகம் வைத்த இடத்தில் ஆழமாகச் சூடேற்றும் அலைக் கருவியைப் பயன்படுத்தக் கூடாது.

வெந்நீர்ப் பை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் சர்க்கரை நோய் இல்லாத வீடு அரிதாகிவிட்டது. பல ஆண்டுகளாகச் சர்க்கரை உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், சூடு தெரியாது. ஒத்தடமோ மெழுகுச் சிகிச்சையோ கொடுத்தபின் பார்த்தால் தோல் கொப்பளித்திருக்கும், அவருக்கு வலித்தே இருக்காது. அந்தப் புண் ஆறாமல் விரலை எடுக்கும் நிலை வரை போகக்கூடும். சூடு வைக்கும் முன் உணர்ச்சியைச் சோதித்துப் பார்க்காத எவரையும் சர்க்கரை நோயாளியின் காலில் சூடு வைக்க விடாதீர்கள்.

எங்கே தேடுவது

தேடலை மருத்துவமனையிலேயே தொடங்குங்கள், அதுவும் டிஸ்சார்ஜுக்கு முன்பே. வார்டில் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்டைப் பார்த்து மூன்று விஷயங்கள் கேளுங்கள்: வீட்டில் செய்ய வேண்டியவற்றை எழுதித் தர முடியுமா, எங்கள் பகுதியில் உங்களுக்குத் தெரிந்தவர் யார், மறுபரிசோதனைக்கு எப்போது வர வேண்டும்? அவர் உங்கள் நோயாளியைத் தொட்டுப் பார்த்தவர். அவர் கைகாட்டும் ஆள், விளம்பரத்தில் கிடைக்கும் ஆளைவிட நூறு மடங்கு மேல். முடிந்தால் அவர் பயிற்சி கொடுப்பதைச் செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதி கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

அடுத்தது அரசு வழி. இதை நடுத்தரக் குடும்பங்கள் எண்ணிப் பார்ப்பதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்குக் கொண்டுவரும் திட்டம் என்றுதான் பலருக்குத் தெரியும். வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும், படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வலிதணிப்புப் பராமரிப்பு தருவதும் அதே திட்டத்தில் இருக்கின்றன. கட்டணம் இல்லை. உங்கள் பகுதிக்கான ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், அல்லது தெருவுக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடம், நோயாளியின் பெயரைப் பதிவு செய்யுங்கள். தினமும் வருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு வட்டாரம் முழுவதையும் சுற்றி வருகிற குழு அது. ஆனால் திட்டம் எழுதவும் முன்னேற்றத்தைப் பார்க்கவும் படித்த ஒருவர் இலவசமாக வருகிறார் என்பது எவ்வளவு பெரிய உதவி! தினசரிப் பயிற்சிக்கு மட்டும் நீங்கள் தனியாக உதவியாளரை வைத்துக்கொள்ளலாம், அல்லது வீட்டில் ஒருவர் கற்றுக்கொள்ளலாம். எங்கே பதிவது என்று புரியாவிட்டால் 104 என்ற சுகாதார உதவி எண்ணில் கேட்கலாம்.

நோயாளியை அழைத்துப்போக முடியும் என்றால் வாய்ப்புகள் இன்னும் கூடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இயன்முறை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. சென்னையில் கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்தி நடக்கப் பழக்குவதும் அங்கே நடக்கிறது. முதியவர்களுக்கென்றே கிண்டியில் 2024-இல் தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது. முதுகுத் தண்டுவடத்தில் அடிபட்டவர் குடும்பம் வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு நிலையத்தை அறிந்திருப்பது நல்லது. 1954-இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தபின் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் முன்னின்று உருவாக்கிய இடம் அது. நோயாளியோடு குடும்பத்தாருக்கும் பயிற்சி தர வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டில் வேர்விட்டது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

குழந்தைகளுக்கு வழி வேறு. வளர்ச்சி தாமதமுள்ள குழந்தை, மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை என்றால் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் தொடங்குங்கள். அரசு மருத்துவமனை வளாகத்தில் இருக்கும். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தில் பிசியோதெரபிஸ்ட் வருவார், வரும் கிழமையைத் தலைமையாசிரியரிடம் கேட்கலாம். சென்னைக்கு அருகில் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

பிசியோதெரபி கல்லூரிகளின் புறநோயாளிப் பிரிவும் ஒரு நல்ல இடம். மாணவர்கள் பயிற்சி தருவார்கள், பக்கத்தில் ஆசிரியர் நிற்பார், கட்டணம் குறைவாக இருக்கும். மேற்பார்வையோடு உதவியாளர் வேலை செய்வது எப்படி இருக்க வேண்டும் என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

இவ்வளவுக்கும் பிறகுதான் தனியார் ஏஜென்சியும் இணையத் தேடலும். கூகுள் மேப்பில் ஊர்ப் பெயரோடு தேடினால் பத்து கிளினிக் வரும். நட்சத்திரங்களின் எண்ணிக்கையைப் பார்க்காமல், உங்கள் நோயாளியைப் போன்ற நிலையில் உள்ளவரைப் பற்றி யாராவது விரிவாக எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். வீட்டிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் கிளினிக் வைத்திருக்கும் பிசியோதெரபிஸ்ட், தன் உதவியாளரை வீட்டுக்கு அனுப்பி, வாரம் ஒரு முறை தானும் வந்து பார்ப்பார் என்றால் அதுதான் எல்லா ஏற்பாடுகளிலும் சிறந்தது. அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

போனில் கேட்க வேண்டியவை

முதல் போனிலேயே பாதி தெரிந்துவிடும். ‘சார், என் மாமனாருக்கு இடது பக்கம் பக்கவாதம். வீட்டுக்கு வந்து பயிற்சி தர வேண்டும். முதல் நாள் யார் வந்து பார்ப்பார்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘எங்கள் பிசியோதெரபிஸ்ட் வந்து பரிசோதிப்பார், அதன்பின் உதவியாளர் வருவார்’ என்றால் பேச்சைத் தொடரலாம். ‘நாளைக்கே பையனை அனுப்பிவிடுகிறோம், எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான்’ என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த எண்ணைப் பாருங்கள்.

தொடர்ந்து கேட்க வேண்டியவை:

- பிசியோதெரபிஸ்டின் பட்டம், படித்த கல்லூரி, பதிவு எண்.
- உதவியாளர் என்ன பயிற்சி பெற்றவர்; இதே நோயுள்ள எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார்.
- பிசியோதெரபிஸ்ட் எத்தனை நாளைக்கு ஒரு முறை நேரில் வந்து பார்ப்பார்.
- தினமும் அதே ஆள் வருவாரா, மாறி மாறி வருவார்களா.
- ஒரு அமர்வு எவ்வளவு நேரம். கட்டணம் அமர்வுக்கா, மாதத்துக்கா. வராத நாளுக்குக் கழிப்பார்களா.
- பெண் நோயாளிக்குப் பெண் உதவியாளர் கிடைப்பாரா.

இந்தக் கடைசிக் கேள்வியைக் கூச்சத்தால் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். பயிற்சியின்போது இடுப்பையும் தொடையையும் பிடிக்க வேண்டியிருக்கும். அம்மாவுக்கு அது சங்கடமாக இருந்தால் அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ‘இன்றைக்கு உடம்பு முடியவில்லை’ என்று சொல்லித் தவிர்த்துக்கொண்டே இருப்பார். பயிற்சி கெடும். பெண் உதவியாளர் கிடைக்காத ஊரில், பயிற்சி நேரம் முழுவதும் வீட்டுப் பெண் ஒருவர் அறையில் இருக்கட்டும்.

முன்பணம் கேட்டால் ஒரு வாரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். ‘முப்பது அமர்வு பேக்கேஜ், தள்ளுபடி’ என்பார்கள். நோயாளிக்கு எத்தனை அமர்வு தேவை என்று பரிசோதிக்கும் முன்பே எப்படித் தெரியும்?

முதல் நாளுக்கு வீட்டைத் தயார் செய்வது

டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மாத்திரைப் பட்டியல் மூன்றையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள். நோயாளிக்கு எந்த ரத்த அழுத்த அளவுக்கு மேல் அன்றைய பயிற்சியை நிறுத்த வேண்டும், காலில் எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். எலும்பு முறிவில் இரண்டாவது கேள்வி மிக முக்கியம். ‘ஊன்றக் கூடாது’, ‘விரல் மட்டும் படலாம்’, ‘பாதி பாரம்’, ‘முழுப் பாரம்’ என்று நிலைகள் உண்டு. உதவியாளர் ஊகித்துச் செய்ய வேண்டிய விஷயம் இல்லை இது.

கட்டிலின் உயரம், நோயாளி உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுமையாகப் படும் அளவுக்கு இருக்க வேண்டும். நடைவழியில் உள்ள மிதியடிகளையும் ஒயர்களையும் எடுத்துவிடுங்கள். குளியலறையில் கைப்பிடிக் கம்பி பொருத்துங்கள். இடுப்பு மூட்டு மாற்றியவருக்கு மருத்துவர் அனுமதி தரும்வரை தரையில் உட்காருவதும், இந்தியக் கழிப்பறையில் குந்துவதும், கால்மேல் கால் போடுவதும் கூடாது. கழிப்பறை நாற்காலி ஒன்று வாங்கிவிடுங்கள்.

கைத்தடியின் உயரத்தையும் அன்றே சரிபாருங்கள். நோயாளி நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பின் மட்டத்தில் வர வேண்டும். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். பொதுவாகத் தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது வலிக்கும் கால் முன்னே.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வையுங்கள். தேதி, ரத்த அழுத்தம், செய்த பயிற்சி, எண்ணிக்கை, வலி எப்படி என்று உதவியாளர் தினமும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எழுதத் தயங்குகிறவரை நான் நம்ப மாட்டேன். பிசியோதெரபிஸ்ட் வாரம் ஒருமுறை வரும்போது அந்த நோட்டைப் பார்த்துத்தான் அடுத்த வாரத்தை முடிவு செய்வார்.

முதல் இரண்டு வாரம்: எதைப் பார்ப்பது

உதவியாளர் எல்லாவற்றையும் தானே செய்து முடிக்கிறாரா, நோயாளியைச் செய்ய வைக்கிறாரா என்று பாருங்கள். நோயாளி படுத்துக்கொண்டு கூரையைப் பார்க்க, அவர் மட்டும் வியர்த்து விறுவிறுக்கக் காலை ஆட்டிக்கொண்டிருந்தால் தசைக்கு வலு வராது. கொஞ்சமாவது அசைவு இருக்கும் காலை நோயாளியே முயன்று தூக்க வேண்டும், மிச்சத்துக்குத்தான் உதவி. அரை மணி நேரமும் மசாஜிலேயே போகிறது என்றால் பிசியோதெரபிஸ்டுக்குப் போன் போட்டு, இது உங்கள் திட்டத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

முழங்கால் மூட்டு மாற்றியவர்கள் வலிக்காக முழங்காலின் கீழே தலையணை வைத்துக்கொள்வார்கள். சுகமாகத்தான் இருக்கும். ஆனால் மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகி, பிறகு கால் நேராகாது. நல்ல உதவியாளர் அறைக்குள் நுழைந்ததும் அந்தத் தலையணையை எடுத்துவிட்டு, குதிகாலுக்குக் கீழே ஒரு சுருட்டிய துண்டை வைப்பார். கணுக்காலை மேலும் கீழும் அசைக்கச் சொல்லி நாள் முழுவதும் நினைவூட்டுவார். காலில் ரத்தம் உறையாமல் இருக்க அது உதவும்.

பயிற்சியின்போது தசை வலிப்பது இயல்பு. அந்த வலி சில மணி நேரத்தில் அடங்க வேண்டும். மறுநாளும் மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால், அன்று அளவைக் குறைக்கச் சொல்லி பிசியோதெரபிஸ்டிடம் தெரிவிக்க வேண்டும். ‘வலித்தால்தான் குணமாகும்’ என்று சொல்லிக்கொண்டே முழங்காலை அழுத்தி மடக்குகிறவர் வேண்டாம்.

கீழ்க்கண்டவை தெரிந்தால் பயிற்சியை உடனே நிறுத்துங்கள். ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலைத் தேய்க்கவே கூடாது, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வாய் கோணுதல், பேச்சுக் குழறல், புதிதாகக் கையோ காலோ தொய்தல் என்றால் 108. பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும். ‘பிசியோ வந்ததும் கேட்போம்’ என்று காத்திருக்கக் கூடாது. அறுவைக் காயத்தில் சீழ், காய்ச்சல், விழுந்தபின் கால் ஊன்ற முடியாமை இவையும் மருத்துவர் பார்க்க வேண்டியவை.

ஒரு நாளின் 24 மணி நேரத்தில் உதவியாளர் இருப்பது அரை மணியோ முக்கால் மணியோதான். மீதி நேரம் உங்களுடையது. படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, செயலிழந்த கையைத் தலையணை மேல் தாங்கி வைப்பது, காலையும் மாலையும் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைச் செய்ய வைப்பது எல்லாம் வீட்டாரிடம்தான் இருக்கிறது. ஆகவே உதவியாளர் வரும் நேரத்தில் வீட்டில் ஒருவர் தவறாமல் கூட நின்று கற்றுக்கொள்ளுங்கள். அது மருமகளின் வேலை என்று தள்ளிவிடாமல் மகனும் கற்றுக்கொள்ளட்டும். பெரியவரைத் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொள்வது பெரும்பாலும் வீட்டுப் பெண்களுக்குத்தான்.

பணமும் ரசீதும்

மருத்துவக் காப்பீடு இருந்தால் பாலிசியில் ‘மருத்துவமனைக்குப் பிந்தைய செலவு’ என்ற பகுதியைப் படியுங்கள். டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள், 90 நாள் என்று பாலிசிக்குப் பாலிசி மாறும் ஒரு காலத்துக்கு, அதே நோய் தொடர்பான செலவை அதில் கேட்க வாய்ப்புண்டு. பிசியோதெரபி சேருமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். மருத்துவரின் பரிந்துரைச் சீட்டும், பிசியோதெரபிஸ்டின் பெயர், பதிவு எண், தேதி உள்ள ரசீதும் தேவைப்படும். உதவியாளர் கையில் நேரடியாகப் பணம் கொடுத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து ரசீது தேடினால் கிடைக்காது.

பாதிப்பு நீடிக்கும் என்று தெரிந்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ளவர்களுக்கான உரிமைகளை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகுத்திருக்கிறது. சக்கர நாற்காலி, ஊன்றுகோல் முதலியவற்றுக்கான அரசு உதவிகளும் அந்த அட்டையின் வழியாகத்தான் வருகின்றன.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு

அங்கே உதவியாளர் என்றால் சட்டப்படி வரையறுத்த பதவி. அங்கீகாரம் பெற்ற இரண்டாண்டுப் படிப்பு முடித்து, தேசியத் தேர்வு எழுதி, மாநில உரிமம் பெற்றவர். முதலில் பிசியோதெரபிஸ்ட் பார்த்துத் திட்டம் எழுதுவார். அதன்பின் பெரும்பாலான அமர்வுகளை உதவியாளரே நடத்தலாம். உதவியாளர் வந்தால் உங்களை ஏமாற்றுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். மாநில உரிம வாரியத்தின் இணையதளத்தில் அவர் பெயரைத் தட்டினால் உரிமம் நடப்பில் உள்ளதா என்று தெரியும். கிளினிக்குகளில் துண்டு மடிப்பவர், கருவி எடுத்துக் கொடுப்பவர் என்று உரிமம் இல்லாத இன்னொரு பணியாளரும் இருப்பார். அவரை உதவியாளரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். மெடிகேர் என்ற அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு உள்ள பெற்றோருக்கு, உதவியாளர் நடத்தும் அமர்வுகளுக்கு 2022 முதல் வழக்கமான தொகையில் 85 சதவீதமே கிளினிக்குக்குக் கொடுக்கப்படுகிறது. பில்லில் அதற்கான குறியீடு இருக்கும். சுற்றுலா விசாவில் வந்த பெற்றோரின் பயணக் காப்பீடு, முன்பே இருந்த மூட்டு வலிக்குப் பெரும்பாலும் பொருந்தாது. விமானம் ஏறும் முன்பே அதைப் படித்துப் பாருங்கள்.

எப்போது நிறுத்துவது

தொடங்கும்போதே முடிவையும் பேசிவிட வேண்டும். ‘ஆறு வாரத்தில் உதவியின்றிக் கழிப்பறைக்குப் போய்வர வேண்டும்’, ‘வாக்கரோடு தெருமுனை வரை நடக்க வேண்டும்’ என்பது போல, வீட்டில் எல்லாருக்கும் புரியும் இலக்கு ஒன்றைப் பிசியோதெரபிஸ்ட் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதட்டும். நான்கு வாரமாக நோட்டில் ஒரே எண்ணிக்கை, ஒரே பயிற்சி என்றால் ஏதோ சரியில்லை, மறுபரிசோதனை கேளுங்கள். வலியோ மனச்சோர்வோ காரணமாக இருக்கலாம். பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு சாதாரணமாக வருவது, சிகிச்சையால் சரியாகக்கூடியது.

இலக்கை எட்டியதும் ஒரேயடியாக நிறுத்தாமல் தினமும் வந்தவரை வாரம் மூன்று நாள், பிறகு ஒரு நாள் என்று குறைத்துக்கொண்டு வாருங்கள். கடைசி வாரத்தில் உதவியாளர் கை கொடுக்காமல் ஓரமாக நின்று பார்க்க, நோயாளியும் குடும்பத்தாரும் மட்டுமே பயிற்சி முழுவதையும் செய்து காட்ட வேண்டும். அன்று பிசியோதெரபிஸ்டும் வந்திருந்து, இனி வீட்டில் தொடர வேண்டிய பயிற்சிகளைத் தமிழில், பெரிய எழுத்தில், ஒரே தாளில் எழுதித் தரட்டும். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் அதை ஒட்டிவிட்டு, மூன்று மாதம் கழித்து வரும் மறுபரிசோதனைத் தேதியையும் அதன் அடியில் குறித்துவையுங்கள்.